தையல் மிஷினில் கட்டிய கால்கள்

என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போதே அவரைப் பிணம் என்று சொன்னவர் நீங்கள்தான், மாமா. வாய் தவறிச் சொல்லவில்லை. எங்கள் பெண்ணுக்குப் பரிசம் போட வந்தவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. அவர்களைப் பார்த்து, "தம்பிய கணக்குல எடுத்துக்காதீங்க. அவன் மூச்சு வுடற பொணம். தாரை நான்தான் வாக்கணும்" என்று உரக்கச் சொன்னீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

படிக்கிறவர்களுக்கு இந்த மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. என்னைத் தவிர.

நல்லதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். என் வீட்டுக்காரர் வாலாஜாபாத் நெல் மண்டியில் மூட்டை அடுக்குகிற வேலை செய்தார். ஒரு நாள் அடுக்கின் உச்சியிலிருந்து முதுகு அடிபட விழுந்தார். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி லாரியை மறித்தவர் மாமாதான். ஆஸ்பத்திரியில் தரையில் துண்டை விரித்துக் காத்துக்கிடந்தவரும் அவர்தான். தம்பி பிழைத்ததற்கு வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டார். அதுவரைக்கும் அவர் தங்கமான மனிதர்.

உயிர் வந்தது. கால் வரவில்லை. இடுப்புக்குக் கீழே நரம்பு அடிபட்டுப் போய்விட்டது என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தினமும் காலை மடக்கி நீட்டி விடும்மா. சும்மா விட்டா கட்டை ஆயிடும்" என்று சொல்லி, எப்படி என்று செய்தும் காட்டினாள். வீட்டுக்கு வந்து அப்படிச் செய்யப் போனேன். மாமா குறுக்கே வந்து நின்றார்.

"உனக்கு அறிவு கீதா? ஒடஞ்ச முதுகு. ஆட்டினா மிச்சமும் போயிடும். அசைக்காத."

அவர் ஒரு எலும்பு வைத்தியரைக் கூட்டி வந்தார். அந்த ஆளும் அதையே சொன்னார். இரண்டு காலுக்கும் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு பூசிய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். காலில் எலும்பே முறியவில்லை. முறியாத காலுக்குக் கட்டு. வருகிறவர்கள் எல்லாம் கட்டைப் பார்த்து நல்ல வைத்தியம் என்று பாராட்டினார்கள். நாற்று நட்ட சமயத்தில் போட்ட கட்டு, அறுவடைக்குப் பிறகுதான் அவிழ்ந்தது. அவிழ்த்தபோது கால் இரண்டும் உலக்கை மாதிரி நின்றன. முழங்கால் மடங்கவே இல்லை. போதாக்குறைக்குக் கெண்டைக்கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். இழுப்பு வந்தால் கட்டிலே குலுங்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பாரு, உன் புருசன் டான்ஸ் ஆடறான்" என்பார்.

நான் தையல்காரி. பாவாடை, ஜாக்கெட், பள்ளிக்கூடத்துச் சட்டை எல்லாம் தைப்பேன். காலால் மிதிக்கிற இரும்பு மிஷின். அதை வைத்துத்தான் அப்போது குடும்பம் ஓடியது.

ஐப்பசி மழையில் எங்கள் கூரை ஒழுகியது. அறையில் ஒழுகாத இடம் மிஷின் இருந்த மூலை ஒன்றுதான். கட்டிலை அங்கே இழுத்தேன். இடம் போதாமல் அவர் குதிகால்கள் மிஷினின் இரும்புச் சட்டத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றன. தீபாவளித் துணி குவிந்து கிடந்தது. எனக்கு வேறு வழியில்லை. தைக்க ஆரம்பித்தேன். கடகடவென்று மிஷின் ஓடியது. நான்கு ஜாக்கெட்டுக்குக் கை வைத்து முடித்துவிட்டு நிறுத்தினேன்.

"இன்னாமே நிறுத்திட்ட?"

"நூலு மாத்தறேன்."

"நூலு கெடக்குது. மிதி."

"இன்னாத்துக்கு?"

"காலு கம்முனு கீதுமே. இழுக்கவே இல்ல. ஓட்டு, ஓட்டு."

குனிந்து பார்த்தேன். எப்போதும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும் கெண்டைக்கால் தளர்ந்து கிடந்தது. தொட்டால் மாவு மாதிரி அமுங்கியது. இரும்புச் சட்டத்தின் அதிர்வு குதிகால் வழியாக ஏறி அதைத் தூங்க வைத்திருந்தது. அவருக்குக் காலில் தொடு உணர்ச்சி அரைகுறைதான். ஆனால் அந்த அதிர்வு மட்டும் உள்ளே எங்கேயோ தெரிகிறது என்றார். "எறும்பு ஊர்வலம் போற மாரி கீது. நல்ல எறும்பு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறியது.

அன்றிலிருந்து மிஷின் அவருக்குமானது. தைக்கத் துணி இல்லாவிட்டாலும் ஓட்டுவேன். ஊசியைக் கழற்றிவிட்டு வெறும் மிஷினை மிதிப்பேன். தெருவில் போகிறவர்களுக்கு எப்போதும் மிஷின் சத்தம் கேட்டது. நான் தையலில் கொழிக்கிறேன் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் தெருவில் கூடையில் மீன் விற்கிற அம்மாள் வாசலில் நின்று கேட்டே விட்டாள்.

"ஏம்மே, எத்தினி ஜாக்கிட்டுதான் தெப்ப? நம்ம சேரப்பணஞ்சேரி பொம்பளைங்க எல்லாம் உன்கிட்டயே குட்துட்டாங்களா?"

"உள்ள வந்து பாரு" என்றேன். வந்து பார்த்தாள். துணி இல்லை, நூல் இல்லை, இரண்டு கால் மட்டும் இருந்தது. கூடையை இறக்கி வைத்தாள். நாளெல்லாம் நடந்து வீங்கின தன் காலைச் சட்டத்தில் ஒட்ட வைத்துப் பார்த்தாள்.

"அ..அ..அய்ய.. ந..ந..நல்லா கீதே!" பேச்சும் சேர்ந்து ஆடியது.

"இறங்கு, இறங்கு. இது என் வண்டி" என்றார் என் வீட்டுக்காரர். "ஏறணும்னா டிக்கெட் எடுக்கணும். ரெண்டு கெளுத்தி."

அவள் நிஜமாகவே இரண்டு கெளுத்தி மீனை வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் வாடிக்கையாக வந்தாள். எங்கள் வீட்டில் குழம்புக்குக் குறைவில்லை.

இழுப்பு குறைந்ததும் எனக்குத் துணிச்சல் வந்தது. நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி முழங்காலை மெல்ல மெல்ல மடக்கினேன். மிஷின் ஓடி முடிந்த கையோடு செய்தால் கொஞ்சம் கொடுத்தது. ஆறின பிறகு செய்தால் கொடுக்கவில்லை. சூட்டோடு சூடாகச் செய்யவேண்டிய வேலை அது. பொங்கலுக்குள் நாற்காலியில் உட்கார்த்தி வைக்கிற அளவுக்கு மடங்கியது. சாயாமல் இருக்க மார்பில் துண்டைப் போட்டு நாற்காலியோடு கட்டினேன்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு ஆசை பெருகிவிட்டது. "சட்டத்துல வெச்சது போதும். மெதிக்கிற பலகை மேலயே என் காலையும் வையி" என்றார். பலகையில் நான்கு பாதத்துக்கு இடம் ஏது? மாட்டுவண்டிப் பட்டறை ஆசாரியிடம் சொன்னேன். அவர் மிஷின் பலகைக்கு மேலே நீளமாக ஒரு மரப்பலகை இறுக்கி, பின்பக்கம் நீட்டிக் கொடுத்தார். குதிகால் நழுவாமல் ஒரு கட்டையும் அடித்தார். பழைய சைக்கிள் டியூபை அறுத்துப் பாதத்துக்கு இரண்டு வார் போட்டார். இந்தப் பக்கம் நான். எதிர்ப்பக்கம் நாற்காலியில் அவர். நான் மிதித்தால் பலகை ஏறி இறங்கும். அவர் கால் இரண்டும் ஏறி இறங்கும். முழங்கால் மடங்கி நிமிரும்.

முதல் நாள் மிதித்தபோது அவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தூக்கி இறங்க, தூக்கி இறங்க, அவர் முகம் திருவிழாப் பார்க்கிற முகமாக மாறியது.

"நடக்கறேன்மே."

"நீ எங்க நடக்கற? நான் இல்ல மெதிக்கிறேன். தொடை கழண்டு போவுது."

"சரி, நீ மெதி. நான் நடக்கறேன்."

அதிலிருந்து எல்லாருக்கும் அவர் அப்படித்தான் சொன்னார். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. "இன்னிக்கி எதுவரைக்கும் போனே நைனா?" என்று எங்கள் பெண் கேட்பாள். "ஒரகடம் கூட்ரோடு வரைக்கும். டீ குட்ச்சிட்டு வந்தேன்" என்பார். மறுநாள் படப்பை. அதற்கு மறுநாள் ஸ்ரீபெரும்புதூர். உட்கார்ந்த இடத்திலேயே அவர் போகாத ஊர் இல்லை. அவர் கால் தானாக அசையவில்லை. இன்றுவரை அசையவில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். சோறு தானே பிசைந்து சாப்பிட்டார். பட்டன் கட்டினார், காஜா எடுத்தார். முதுகில் புண் வரவில்லை. ஊர் வம்பெல்லாம் பேசினார். பிணம் செய்கிற வேலையா இது?

மாமா ஒரு தடவை வந்து பார்த்தார். மிஷினில் தம்பியின் கால் கட்டியிருப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"செத்த கால மிஷின்ல கட்டி ஆட்டற. பொம்மலாட்டமா காட்டற? ஊரு சிரிக்குது."

"ஊரு சிரிக்கல மாமா. நாங்கதான் சிரிக்கிறோம்."

அவர் அப்புறம் உள்ளே வரவில்லை. வந்தாலும் வாசலோடு போனார். அதனால்தான் பரிசத்தன்று அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் தன் கையால் நீர் வார்த்துத்தான் பெண்ணைக் கொடுப்பான். பெற்றவன் இல்லை என்றால்தான் பெரியப்பன், சித்தப்பன் எல்லாம். மாமா தாரை வார்த்தால் என் பெண் தகப்பன் இல்லாதவள் என்று பந்தலில் எழுதி ஒட்டின மாதிரி. என் வீட்டுக்காரர் அன்றைக்கு மாலை நடைக்கு உட்கார்ந்தபோது எந்த ஊருக்கும் போகவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நான் உக்காந்து குடுக்கணும். அதுவரைக்கும் மிஷின நிறுத்தாத."

நிறுத்தவில்லை.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில், வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம். பெண் அழைப்புக்காகக் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே போய்விட வேண்டும். காலையில் ஒரு நடை நடக்காவிட்டால் அவர் கால் மடங்காது. மடங்காவிட்டால் உட்கார முடியாது. ஆகவே மிஷினையும் மாட்டுவண்டியில் ஏற்றினேன். வைக்கோலைப் பரப்பி அவர் ஒரு பக்கம், மிஷின் ஒரு பக்கம். வழியெல்லாம் அவர் பாடிக்கொண்டு வந்தார். குரல் சகிக்காது. மாடு மட்டும் தலையை ஆட்டியது.

பந்தலில் போய் இறங்கினோம். மேளம் முழங்கியது. நான் அவரை இறக்கி நாற்காலியில் உட்கார்த்துவதில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் வண்டியில் மிஷின் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு பழத்தட்டு, புடவைத் தட்டுக்குப் பின்னால் ஊர்வலத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டு வண்டியில் வந்த பொருள் எல்லாம் சீர்தானே? அப்படித்தான் அவர்களுக்குப் பட்டது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போவதற்குள் மிஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்தில் மல்லிகைச் சரம் சுற்றி, சீர்த்தட்டுகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள். சுற்றி நின்ற பெண்கள், "தெயல் மிஷினே குட்துட்டாங்கடி! பொண்ணு வூட்டுக்காரங்க பெரிய கைதான்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். பலகையில் அடித்திருந்த குதிகால் கட்டை மேல் யாரோ வெற்றிலை பாக்கு வைத்திருந்தார்கள்.

மாமா என் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசினதே அன்றைக்குத்தான்.

"வாயத் தொறக்காத. சீருன்னு நெனச்சிக்கினாங்க. வெச்சத திருப்பி எடுத்தா மானம் போயிடும். காலையில நான் தாரை வாத்துடறேன். அவன் படுத்துக்கினு பாக்கட்டும்."

"மாமா, அது..."

"மானம்மா. நம்ம மானம்."

என் வீட்டுக்காரரிடம் வந்து சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு, "காலையில மடங்காதே" என்றார். அவ்வளவுதான்.

விடிந்தும் விடியாததுமாகச் சம்பந்தி அம்மாளைத் தேடிப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா. நல்ல ஆகிருதி. கொல்லையில் பெண்களோடு உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"சம்பந்தி, அந்த மிஷின் சீர் இல்ல."

கத்திகள் எல்லாம் நின்றன.

"இன்னாம்மா சொல்ற? அப்ப இன்னா அது?"

"அது என் வூட்டுக்காரு காலு."

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு, மழை, பலகை, சைக்கிள் டியூப், ஒரகடத்தில் டீ. அந்த அம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. கோபம் என்று நினைத்து நான் பின்வாங்கினேன். சிரிப்பு. வெற்றிலைச் சாறு தெறிக்கிற சிரிப்பு.

"அடிப் பாவி! சம்பந்தி காலுக்கா மாலை போட்டு வெச்சிக்கினு கீறோம்? நேத்து நான் அதக் கும்புட்டு வேற வெச்சேன்டி!"

எழுந்தார். புடவையைச் சொருகிக்கொண்டார். பையன்களைக் கூப்பிட்டு மிஷினை வெளியே தூக்கச் சொன்னார். அறையில் நாற்காலி போட இடம் இல்லாததால் பந்தலிலேயே கொண்டு வைத்தார்கள். மல்லிகைச் சரத்தோடு. என் வீட்டுக்காரரை எதிரில் உட்கார்த்திக் காலை வாரில் மாட்டினேன். மிதிக்க உட்காரப் போனேன்.

"நீ போயி பொண்ணுக்குத் தலை வாரு. இத நான் பாத்துக்கறேன்" என்று சம்பந்தி அம்மாளே உட்கார்ந்துவிட்டார். அவர் மிதித்த மிதியில் மிஷின் பறந்தது.

"சம்பந்தி, மெதுவா. காஞ்சிபுரம் தாண்டிடப் போறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"போங்க, போங்க. அப்படியே நல்ல பட்டா ஒண்ணு வாங்கினு வாங்க."

தவில்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினின் கடகடவுக்குத் தட்டிப் பார்த்தார். ஒத்துப்போனது. வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார். நாயனக்காரரும் சேர்ந்துகொண்டார். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே பந்தல் களை கட்டிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். ஏன், எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் வீட்டுக்காரரே சொன்னார். யாரும் ஏளனம் செய்யவில்லை. வயதான ஒருவர் மட்டும், "முடிஞ்சதும் நானு" என்று துண்டைப் போட்டு இடம் பிடித்தார்.

முகூர்த்த நேரம் வந்தது. தலை வாரி முடித்துப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தால், மாமா மனைவியோடு மணையில் உட்கார்ந்திருக்கிறார். ஈர வேட்டி. கையில் செம்பு.

"எழுந்திருங்க மாமா" என்றேன்.

"காலு இழுத்துக்கினா இன்னாடி பண்ணுவ? மணையே கவுந்துடும். நல்ல காரியத்துல..."

"பொண்ணப் பெத்தவரு இங்க கீறாரு. அவருதான் குடுக்கணும்" என்றார் சம்பந்தி அம்மாள், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு. ஐயரைப் பார்த்தார். "நாற்காலியில உக்காந்து வார்த்தாலும் தாரைதான். நேரம் போறது" என்றார் ஐயர்.

மாமா எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. நாற்காலியோடு என் வீட்டுக்காரரைத் தூக்கி வந்து மணைக்கு மேல் பாதம் படும்படி வைத்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பி, "அண்ணே, பின்னால நில்லு. கவுந்தா நீதான் புடிக்கணும். அன்னிக்கி தோளு மேல தூக்கினு ஓடனவன் நீதானே" என்றார்.  மாமா பின்னால் வந்து நின்றார். தோளில் கையும் வைத்தார்.

பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, தேங்காய் வைத்து, செம்பைச் சாய்க்கிற நேரம். வலது கெண்டைக்கால் துடித்தது. எனக்குத் தெரியும் அந்தத் துடிப்பு. அடுத்து வெட்டும். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். புடவைக்குள்ளிருந்து என் பாதத்தை நீட்டி அவர் பாதத்துக்கு அடியில் கொடுத்தேன். பலகையை மிதிப்பது போலவே ஏற்றி இறக்கினேன். ஏற்றி இறக்கினேன். கால் கேட்டுக்கொண்டது. தண்ணீர் நேராக விழுந்தது. ஒரு சொட்டுத் தப்பவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், "வந்துட்டோம்மே" என்றார். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. கொட்டுமேளத்தில் கேட்டாலும் காதில் விழுந்திருக்காது.

மிஷினை அதே வண்டியில் சம்பந்தி அம்மாள் திருப்பி அனுப்பினார், குங்குமம் கலையாமல். ஒரே நிபந்தனை, ஆயுசுக்கும் அவர் ஜாக்கெட்டை நான்தான் தைக்க வேண்டும். தைத்துக்கொண்டிருக்கிறேன். வருஷத்துக்கு வருஷம் அளவு பெருகுகிறது. நான் குறை சொல்லவில்லை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். கல்யாணப் போட்டோ ஒன்று மாமா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் மாமா நெஞ்சை நிமிர்த்தி நிற்பதுதான் தெரியும். முன்னால் உட்கார்ந்திருக்கிற தம்பியைப் பூமாலையும் கூட்டமும் மறைத்துவிட்டன. அதைக் காட்டி, வருகிறவர்களிடம் எல்லாம், "தம்பி பொணமா கெடந்தான். நான்தான் முன்ன நின்னு தாரை வாத்தேன்" என்று சொல்கிறாராம். போன வாரம் பத்திரிகை வைக்க வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

மாமா, வருகிற தை மாதம் உங்கள் பேத்திக்குக் கல்யாணம். மைக் செட் கட்டுவீர்கள், ஊரே வரும். நாங்களும் வருகிறோம். இதை எழுதும்போது எதிரில் பலகை மேல் காலை வைத்துக்கொண்டு உங்கள் தம்பி, "வுடுமே, அண்ணன் பாவம்" என்கிறார். விடமாட்டேன். மிஷினும் வரும். சீர் இல்லை என்று அட்டையில் எழுதி மாட்டிக்கொண்டே வரும். பாட்டை நிறுத்தச் சொல்லி மைக்கை உங்கள் கையில் கொடுப்பேன். பந்தல் முழுக்கக் கேட்கும்படி இரண்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். என் பெண்ணுக்குத் தாரை வார்த்தது யார்? உங்கள் தம்பி பிணமா, மனிதனா?